மேல் பல் இல்லாத பசுக்கள்

பண்ணை மிருகங்களை வைத்துக் குழந்தைகளுக்காகப் போடுகிற வேடிக்கைப் படப் புத்தகங்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த என் தங்கையின் பேத்தி அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நாலு வயசு. அட்டையில் ஒரு பசு. தொப்பி போட்டுக்கொண்டு ஈயென்று இளிக்கிறது. மேலே ஒரு வரிசைப் பல், கீழே ஒரு வரிசைப் பல்.

"படி" என்றாள்.

"வேற புக் எடுத்துட்டு வா."

"ஏன்?"

"இந்த மாட்டுக்கு மேல் பல் இருக்கு."

குழந்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. என் தங்கையும்தான் பார்த்தாள். அவர்களுக்கு என்ன தெரியும்? பசுவுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. வேண்டுமானால் தெருவில் போகிற மாட்டின் வாயைத் திறந்து பாருங்கள்.

எனக்கு இதைச் சொன்னவள் ஒரு ஆயா. தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில், பன்னிமண்டபம் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரிப் பள்ளியில் நான் டீச்சராக இருந்தேன். அவள் அங்கே ஆயா. பெயரைச் சொல்லமாட்டேன். அந்தப் பள்ளியில் நாங்கள் யாரும் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்போது வாயில் வராத பெயர் இப்போது மட்டும் எதற்கு? எனக்கு இருபத்து நாலு வயசு, அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். பத்து வயசு மூத்தவளை நான் "ஆயா, இங்க வா", "ஆயா, அதைத் துடை" என்றுதான் ஏவினேன். அவள் என்னை "வாங்க டீச்சர், போங்க டீச்சர்" என்பாள். அங்கே அதுதான் வழக்கம்.

ராமாபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு ஊர்க்காரி. மேல் வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. பதினாலு வயசில் பால் கறக்கப் போய் மாடு உதைத்ததில் போனவை. மாட்டோடு அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர், வயல், தொழுவம் என்று யாராவது உருகிப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. "ஒரு மாசம் சாணி அள்ளிப் பாருங்க, அப்பறம் வந்து பேசுங்க" என்று வெட்டிவிடுவாள். கட்டிட வேலைக்கு வந்த புருஷனோடு மைசூருக்கு வந்து சேர்ந்ததே அவளுக்குப் பெரிய விடுதலை. புருஷன் பிறகு எங்கேயோ போய்விட்டான். எங்கே என்று கேட்டால், "மேய்ச்சலுக்குப் போயிருக்கான்" என்பாள். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கும் நாலு வயசு, என் வகுப்பில்தான் இருந்தது. இவள் ஆயா வேலைக்கு வந்ததே அந்தக் குழந்தைக்காகத்தான். சம்பளம் அற்பம். ஆனால் இவள் வேலையில் இருக்கும்வரை குழந்தைக்கு ஃபீஸ் இல்லாமல் இடம் என்று மேடம் சொல்லியிருந்தார். மேடம் என்றால் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ். இடம் கொடுத்ததோடு ஒரு கண்டிஷனும் போட்டார். பள்ளிக்கூடத்துக்குள் அந்தக் குழந்தை "அம்மா" என்று கூப்பிடக் கூடாது. மற்றக் குழந்தைகளைப் போல "ஆயா" என்றுதான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றப் பெற்றோர் ஏதாவது நினைத்துக்கொள்வார்களாம். என்ன நினைப்பார்கள்? ஆயாவுக்கும் பிள்ளை பிறக்கும் என்றா? அந்தச் சின்னது கேட்டுக்குள் காலை வைத்ததும் "ஆயா, தண்ணி" என்று கேட்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

அந்த வருடம் மழைக்காலத்தில் பள்ளிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஏதோ ஒரு சங்கம் வெளிநாட்டில் திரட்டி அனுப்பிய பன்னிரண்டு படப் புத்தகங்கள். எல்லாம் பண்ணை மிருகங்கள். தொப்பிக் கடை வைத்த பன்றி. முட்டைகளை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு உலாப் போன கோழி. எலியைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட காளை. போர்வை போர்த்திக்கொண்டு மெத்தையில் தூங்கும் பசு. உரக்கப் படித்துக் காட்டினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று மேடம் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணிக்கு ரீடிங் பீரியட் வைத்தாயிற்று.

நான் படித்தேன். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிக்கும்? தமிழ் வீட்டுக் குழந்தை பாதி, கன்னடமும் உருதுவும் பேசுகிற குழந்தை மீதி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், ஆஸ்பத்திரியில், கட்டிட மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பாத்ரூம் போக அனுமதி கேட்பதற்கு மட்டும். வெளியே காம்பவுண்டுச் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை ஒரு பசு தினமும் கிழித்துத் தின்றுகொண்டிருக்கும். என் கையில் மெத்தையில் தூங்கும் பசு. குழந்தைகள் ஜன்னல் வழியாகப் போஸ்டர் தின்னும் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள், வகுப்பின் பின்பக்கம் பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஆயா பாயைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"ஏனுங்க டீச்சர், அந்தப் படத்த இப்படித் திருப்புங்க."

திருப்பினேன். ஒரு அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து பால் கறக்கிற படம்.

"கன்னு எங்க?"

"எந்தக் கன்னு?"

"கன்னுக்குட்டிங்க! கன்ன ஊட்டாம மாடு பால் சொரக்குமா? பின்னங்காலுக்குக் கயிறு எங்க? ஒரே ஒதை, அந்தம்மா பல்லு என்ற பல்லு போன எடத்துக்குப் போயிரும். இதா மாடு? ஏட்டுச் சொரக்கா மாதிரி இது ஏட்டு மாடு." மூச்சு வாங்கினாள். உண்மையாகவே அவளுக்குக் கோபம். "அப்பறம், காலைல இருந்து நிக்குதே, சாணி எங்க? இத்தாப் பெரிய மாடு ஒரு பொட்டுச் சாணி போடாதா?"

அவ்வளவுதான். வகுப்பு வெடித்தது. தமிழ்க் குழந்தைகள் "சாணி! சாணி!" என்று குதித்தன. கன்னடக் குழந்தைகள் "சகணி! சகணி!" என்று கத்தின. அவளுடைய பெண் சிரிப்பில் பெஞ்சிலிருந்து கீழே விழுந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், முடியவில்லை, நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க என்ன இருக்குது? பொய்யச் சொன்னா கோபம் வருமா வராதா?" என்று பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதுதான் அவள். பொய்யைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டை. ப்ரோகிரஸ் கார்டில் எல்லாப் பிள்ளைக்கும் "வெரி குட்" என்று நான் எழுதினால், "அந்த மஞ்சுப் பையன் வெரி குட்டுங்களா? நேத்து அவன் ஜட்டிய நாந்தான மாத்துனேன்?" என்பாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கலரு உங்களுக்கு ஒட்டுல" என்பாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்தப் பள்ளியில் யாருமில்லை.

அதிலிருந்து ரீடிங் பீரியட் என்றால் இப்படித்தான். நான் ஒரு வரி இங்கிலீஷில் படிப்பேன். பின்னாலிருந்து அவள் அந்த வரியைத் திட்டுவாள். பிள்ளைகள் அடுத்த வரிக்குக் காத்திருக்கும், அதையும் அவள் திட்டவேண்டுமே என்று. கோழி கடற்கரைக்குப் போன கதைக்கு அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். "முட்டைய யாரு அடை காக்கறது? உங்கப்பனா? பருந்து சும்மா இருக்குமா?" பன்றியின் தொப்பிக் கடைக்கு, "பன்னி வியாபாரம் பண்ணட்டும், வேண்டாங்கல. வர்ற சனம் மூக்கப் பொத்தாம நிக்குதே, அது எப்படி?" நான் அவசரமாகப் பக்கத்தைத் தள்ளினால் விடமாட்டாள். "நிதானமா, டீச்சர். ஆடிக் கறக்கற மாட்ட ஆடிக் கறக்கோணும், பாடிக் கறக்கற மாட்டப் பாடிக் கறக்கோணும். நீங்க கோர்ட்டுல வாசிக்கிற மாதிரி வாசிச்சா புள்ளைக எப்படிக் கேக்கும்?"

அந்த வருடம் என் வகுப்பு முதன்முதலில் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை "கௌ டங்". கற்றுக்கொண்டார்களே, அதைச் சொல்லுங்கள். ஒரு வருஷமாக "குட் மார்னிங்" சொல்லாத பையன் "கௌ டங்" என்று கணீரென்று சொன்னான்.

ஒருநாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாயில சொன்னா காத்தோட போயிருதுங்க. நாளைக்கி இந்தப் புஸ்தகத்த வேற புள்ள எடுக்கும், அதுக்கு யாரு சொல்லுவா? கன்ன இதுலயே போட்டுருங்க."

"ஆயா, பேடா, வேண்டாம். மேடம் பாத்தா கொன்னுடுவாங்க. வேணும்னா நீயே போடு."

"என்ற கைக்குக் கோடு வருமா? சம்பளத்துக்கே கைநாட்டு. போடுங்க டீச்சர், சும்னே பயப்படாதீங்க."

நான் போட்டேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால், பளபளக்கிற வெளிநாட்டுத் தாளில், பசுவின் பக்கத்தில் ஒரு கன்று. அவள் குனிந்து பார்த்தாள். "இது கன்னா, நாயா? காதப் பெருசாப் போடுங்க." மறுபடி போட்டேன். கயிறு போட்டேன், முளைக்குச்சி போட்டேன், காதில் உண்ணி போட்டேன், கோழி போன கடற்கரைக்கு மேலே பருந்து போட்டேன். எல்லாப் பக்கத்திலும் சாணி போட்டேன். ஆவி பறக்கிற சாணி, ஈ மொய்க்கிற சாணி, மெத்தைக்கு நடுவில் சாணி. எனக்குப் படம் நன்றாக வரும். சின்ன வயசிலிருந்து யாரும் என்னைப் பாராட்டியதில்லை. முப்பது பிள்ளைகள் கழுத்தை நீட்டி என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் என் கையைப் பிடித்து இழுத்து வரைய வைக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பல் விஷயமும் அப்படித்தான். புத்தகத்துப் பசுக்கள் எல்லாம் இளித்துக்கொண்டிருந்தன. ஒருநாள் அவள் முப்பது பிள்ளைகளையும் வரிசையாகக் கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போஸ்டர் தின்னும் பசுவின் மூக்கைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினாள்.

"மேல பல்லு இருக்குதா பாரு."

"இல்ல!"

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்ல ஆயா!"

அப்போது அவளுடைய பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆயாவுக்கும் மேல பல்லு இல்ல! ஆயாவும் மாடு!" என்றது. எல்லாம் சேர்ந்து கத்தின. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான், அந்த ஓட்டைப் பல் முழுக்கத் தெரிய. உள்ளே வந்து பன்னிரண்டு புத்தகத்திலும் எல்லாப் பசுவின் மேல் பல்லையும் நான் கறுப்படித்தேன்.

மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரும் தமிழ் வீட்டுப் பெண்தான். ஆனால் எங்களோடு இங்கிலீஷ், ஆயாக்களோடு கன்னடம். கோபம் வந்தால் மட்டும் தமிழ் பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் ஸ்லேட்டை உடைத்த பையனை வராந்தாவில் நிறுத்தி, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று கத்தினார். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"இவனாங்க மேடம்? இவனால ஆகாதுங்க. மாடு இவன மேச்சுப்போடும். மாடு மேய்க்கறது அத்தன லேசுன்னு நெனச்சீங்களா?"

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே, வேலைக்கு ஆள் எடுக்கிறவள் மாதிரி, அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் வாயைத் திறந்தா உனக்கும் வேலை இல்ல, உன் பொண்ணுக்கும் இடம் இல்ல" என்று சொல்லி அனுப்பினார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எலிக்குப் பயந்த காளையைப் படித்த அன்று அவள் திட்டவில்லை. கதை சொன்னாள். பிள்ளைகளுக்கு அவள் சொன்ன ஒரே கதை அதுதான்.

"என்ற அப்பன் ஏர் ஓட்டிட்டு இருந்தாரு. தண்ணி மொறைச் சண்டை. பக்கத்து நெலத்துக்காரன் வந்து அப்பன் முதுகுல தடியால ஒண்ணு வெச்சான். அடி காள மேல விழுகல, அப்பன் மேலதான் விழுந்துச்சு. ஆனா ஏருல பூட்டியிருந்த காள தலையத் தூக்கித் திரும்பி அவனப் பாத்துச்சு பாருங்க, அவ்வளவுதான். தடியக் கீழ போட்டுட்டு ஓடுனவன் அவன் ஊட்டுல போயித்தான் நின்னான். அதா எலிக்குப் பயப்படும்?"

பிள்ளைகள் எல்லாம் தலையைத் தூக்கித் திரும்பித் திரும்பிப் பார்த்து விளையாடின. அந்தப் புத்தகத்தில் நான் எலியைக் கறுப்படித்து மறைத்து, தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிற ஒரு ஆளை வரைந்தேன்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால், புத்தகம் அனுப்பிய சங்கத்திலிருந்து ஒரு அம்மாள் கேமராவோடு வந்தார். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி போட்டோ வேண்டுமாம். அலமாரிச் சாவி காணோம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் மேடமே திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு பிள்ளைகள் முன்வரிசையில் நின்று, அவரவருக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்து தலைக்குமேல் பிடித்தன. பிடித்த பக்கம் எதுவென்று சொல்ல வேண்டுமா? "கௌ டங், மிஸ்!" என்று ஒரே குரல்.

அந்த அம்மாள் கேமராவை இறக்கினார். கிட்டே வந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "யார் வரைந்தது? அற்புதம்!" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத்தான் திறந்தேன். "நான்" என்ற சொல் நாக்குக்கு வந்துவிட்டது. அப்போது மேடத்தின் முகம் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாளின் வண்டி போனதும் மேடம் எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நானும் ஆயாவும் மட்டும். மேஜைமேல் பன்னிரண்டு புத்தகமும் அடுக்கியிருந்தன. பக்கத்தில் சம்பள ரிஜிஸ்டர், அதன்மேல் கைநாட்டு வைக்கிற மை டப்பா. மேடத்துக்குத் தமிழ் வந்துவிட்டது.

"என் மானத்த வாங்கிட்டீங்க. எவ வரைஞ்சது இது? சொல்லுங்க. எவ?"

நான் பேசவில்லை. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை, வீட்டில் அப்பா இல்லை, தங்கை படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காரணங்களை முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துவிட்டது. ஆயாவுக்கு வீட்டில் அப்பா இருந்தாரா? அவளுக்குப் படிக்கிற குழந்தை இல்லையா? அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் மை டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தானுங்க" என்றாள்.

மேடமும் மை டப்பாவைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். மாசாமாசம் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்துகிறவரே அவர்தான். பேனா பிடிக்கத் தெரியாதவள் கன்றுக்குட்டியின் இமைமயிர் வரை வரைந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ட்ரெய்னிங் முடித்த டீச்சர் கிடைப்பது கஷ்டம், ஆயா தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். இரண்டு நொடி யோசித்தார். அவ்வளவுதான் யோசித்தார். "நாளையிலேர்ந்து வராதே. உன் பொண்ணையும் இப்பவே கூட்டிட்டுப் போ" என்றார். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் நிஜம் தெரியும். மூன்று பேரும் அதை அப்படியே விட்டோம்.

அவள் குழந்தையின் தண்ணீர் பாட்டிலை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே கேட்டுவரை ஓடினேன். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, "ஆயா, நாளைக்கும் சீக்கிரம் போலாமா?" என்றது.

"இனிமே ஆயா இல்ல கண்ணு. அம்மான்னே கூப்புடு."

குழந்தை என்னைப் பார்த்தது, டீச்சர் திட்டுவேனோ என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளை 'நீங்க' என்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஊர்ல உள்ளவங்க பொய்யெல்லாம் பிடிப்பீங்க, இன்னிக்கு நீங்களே பொய் சொல்லலாமா? யாரு கேட்டா? உங்களுக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா?"

"எது பொய்யி?"

"வரைஞ்சது நான்தானே!"

பாட்டிலைக் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நெலத்த யாரு உழுததுன்னு கேட்டா, எவனாச்சும் மாட்டச் சொல்லுவானா? ஓட்டுனவனத்தான் சொல்லுவான். கன்னப் போடுன்னேன், போட்ட. பல்ல அழின்னேன், அழிச்ச. உழுதது நாந்தான் அம்மிணி. நீ மாடு."

'டீச்சர்' போய்விட்டது. 'நீங்க' போய்விட்டது. என்னை மன்னித்துச் சொன்னாளா, செருப்பால் அடித்துச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டைத் திறந்துகொண்டு போனாள். குழந்தை தெருவுக்கு வந்ததும் "அம்மா, அம்மா, அம்மா" என்று காரணமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனது.

நஞ்சன்கூட்டில் ஏதோ கம்பெனியில் பெருக்கப் போனாள் என்று ஒருத்தி சொன்னாள். ஊருக்கே போய்விட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாள். ஊருக்குப் போயிருக்கமாட்டாள், அவளுக்கு ஊர் ஆகாது. நான் நஞ்சன்கூட்டுக்குப் போய்த் தேடியிருக்கலாம், பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தேடவில்லை. அந்தப் பள்ளியிலேயே இன்னும் மூன்று வருஷம் வேலை பார்த்தேன், நிரந்தரமாகவும் ஆக்கினார்கள். புத்தகங்களை மேடம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். ரீடிங் பீரியடில் வேறு புத்தகங்களை நான் தனியாகப் படித்தேன். பிள்ளைகள் பழையபடி ஜன்னலைப் பார்த்தன.

மாடு என்று சொல்லிவிட்டுப் போனாளே, அதற்குக்கூட எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் அப்பனுடைய காளை, அடி தன்மேல் விழாதபோதும், தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. அந்தக் கதையை அவள் சொன்னபோது நானும்தான் அந்த வகுப்பில் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தங்கை காபி போட உள்ளே போனாள். குழந்தை அந்த இளிக்கிற பசுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் டிராயரைத் திறந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். மேல் பல் அத்தனையும் கறுப்படித்தேன். கன்று போட்டேன், காதைப் பெரிதாகவே போட்டேன். கயிறு போட்டேன். பின்னால் ஒரு பெரிய சாணி, ஆவி பறக்க. குழந்தை புத்தகத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தது. பிறகு சிரித்த சிரிப்பில் என் மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்துவிட்டது.

சத்தம் கேட்டுத் தங்கை ஓடி வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, புதுப் புக்கு! எவ பண்ண வேலை இது?" என்று குழந்தையின் காதைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"நான்தான்" என்றேன். "நான்தான் வரைஞ்சேன். அவ இல்ல. நான்!"

தங்கை கையை இழுத்துக்கொண்டாள்.

"சரிக்கா, நீதான்" என்றாள். "அதுக்கு ஏன் இப்படிக் கத்துறே?"